வசந்தகாலக் கருங்கரடி வேட்டை: கூட்டாளியோடு போவதற்கான முழுமையான வழிகாட்டி

கூட்டாளியோடு கரடி வேட்டைக்குக் கிளம்புகிறவர்கள் பலர், இறைச்சியைச் சுமக்க இன்னொரு தோள் கிடைத்தது என்றுதான் கணக்குப் போடுகிறார்கள். சுமை பெரிய விஷயம்தான், ஆனால் அது கடைசியில் வருகிறது. வசந்தகால வேட்டையில் கூட்டாளிக்கு முதல் வேலை "வேண்டாம்" என்று சொல்வது. எதிர்ச்சரிவில் தனியாகப் புல் மேயும் கரடியின் குட்டிகள் பக்கத்து மரத்தின் உச்சியில் இருக்கலாம். பழுப்பு நிறத்தில் இருப்பது கிரிஸ்லி என்ற, சுடத் தடையுள்ள வேறு இனக் கரடியாக இருக்கலாம். ரைபிள் ஸ்கோப்பில் கண் வைத்தவருக்கு அந்தச் சின்ன வட்டத்தைத் தாண்டி எதுவும் தெரியாது. பக்கத்தில் இருப்பவருக்குத்தான் முழுச் சரிவும் தெரியும்.

இந்த வழிகாட்டி கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தை, அதிலும் தென்கிழக்கில் உள்ள கூட்னி மலைப்பகுதியை மனதில் வைத்து எழுதியது. நெல்சன், காஸ்லோ, கிரெஸ்டன் ஊர்களைச் சுற்றிய மலைகள். மாகாணத்தில் 1,20,000 முதல் 1,50,000 வரை கருங்கரடிகள் இருப்பதாக அரசு மதிப்பிடுகிறது. இங்கே இரை வைத்துக் கரடியை வரவழைப்பது சட்டவிரோதம். தூரத்திலிருந்து பார்த்து, நடந்து நெருங்கிச் சுடுவதுதான் முறை. கனடாவின் இன்னொரு மாகாணமான ஒன்ராறியோவில் இரை வைக்கலாம், அது வேறு மாதிரி வேட்டை. (இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கரடியை வேட்டையாடுவதே குற்றம். அங்கிருந்து படிப்பவர்கள் இதை வேறொரு நாட்டின் வழக்கமாகப் படித்தால் போதும்.)

காகிதங்கள்

துப்பாக்கி வைத்திருக்க கனடாவின் துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்து பி.ஏ.எல். உரிமம் பெற வேண்டும். வேட்டைக்கு 'கோர்' என்ற மாகாணப் பயிற்சித் தேர்வு தனி. அதன் பிறகு வேட்டை உரிமம், அதற்கு மேல் கருங்கரடிக்கென்று தனி உரிமம்; இந்த இரண்டாவதைத்தான் எல்லோரும் 'டேக்' என்கிறார்கள். வெளிநாட்டிலிருந்தோ வேறு மாகாணத்திலிருந்தோ வருபவர் இங்கே தன்னிச்சையாகப் பெரிய விலங்கு வேட்டைக்குப் போக முடியாது. உரிமம் பெற்ற வழிகாட்டி உடன் வர வேண்டும், அல்லது அதற்கான அனுமதி வாங்கிய உள்ளூர்க்காரர் வர வேண்டும். அதனால் டொரொண்டோவிலிருந்து நண்பர் வருகிறார் என்றால் அந்த அனுமதி வேலையைக் குளிர்காலத்திலேயே தொடங்குங்கள்.

பருவம் பெரும்பாலான பகுதிகளில் ஏப்ரல் 1 அன்று திறந்து ஜூன் மாதம் மூடும். துல்லியமான தேதி, எண்ணிக்கை வரம்பு, மூடிய பகுதிகள் எல்லாம் மாகாணம் வெளியிடும் விதிநூலில் இருக்கின்றன. வேட்டைப் பகுதி எண்ணைப் பார்த்து அந்தப் பக்கத்தைக் கூட்டாளியோடு உட்கார்ந்து படியுங்கள். ஒருவர் படித்து இன்னொருவருக்குச் சொல்வது போதாது, ஏனென்றால் மலையில் ஒருவர் தவறாக நினைவு வைத்திருந்தால் மற்றவர் திருத்த வேண்டும். மனப்பாடமாக இருக்க வேண்டியவை கொஞ்சம்தான்: சூரிய உதயத்துக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து மறைவுக்கு ஒரு மணி நேரம் பின்பு வரைதான் வேட்டை, வண்டிக்குள் இருக்கும் துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது, இரண்டு வயதுக்கு உட்பட்ட கரடியையும், அதனோடு இருக்கும் எந்தக் கரடியையும் சுடக் கூடாது.

அந்தக் கடைசி விதியை மேலோட்டமாகப் படித்துவிட்டுப் போகிறவர்கள் அதிகம். குட்டிகள் ஜனவரி, பிப்ரவரியில் குகைக்குள் பிறக்கின்றன. தாயோடு ஒன்றரை வருடம் போல இருந்து, அடுத்த ஆண்டின் கோடைத் தொடக்கத்தில்தான் பிரிகின்றன. ஆக மே மாதத்தில் இரண்டு வகைத் தாய்கள் மலையில் உண்டு. ஒன்று, பூனை அளவுக் குட்டிகளோடு இருப்பது. மற்றது, நடுத்தர நாய் அளவுக்கு வளர்ந்த ஒரு வயதுக் குட்டிகளோடு இருப்பது. இரண்டாவது வகையைத் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு பெரிய கரடி, ஒரு சிறிய கரடி என்று தோன்றும். இரண்டுமே தொடக் கூடாதவை.

வசந்தகால வேட்டைக்கு எதிரான வாதமும் இதிலிருந்துதான் பிறக்கிறது. தாய் செத்தால் அந்த ஆண்டுக் குட்டிகள் பிழைப்பது அரிது. ஒன்ராறியோ 1999இல் இந்தக் காரணத்தை முன்வைத்து வசந்தகால வேட்டையை நிறுத்தியது. 2014இல் சோதனை முறையில் சில இடங்களில் திரும்பத் திறந்து, 2021இல் நிரந்தரமாக்கியது. விவாதம் இன்னும் ஓயவில்லை. வேட்டைக்காரர் தரப்பில் இதற்குச் சொல்லத்தக்க ஒரே நேர்மையான பதில், தாயைச் சுடாமல் திரும்பி வருவதுதான்.

கூட்டாளியோடு பேசி முடிக்க வேண்டியவை

நல்ல சுடுதிறன் உள்ளவரைவிட, தன் முறை வராமல் போனாலும் முகம் சுளிக்காதவரைத் தேடுங்கள். உடல்வலு ஏறக்குறைய சமமாக இருந்தால் நல்லது. ஒருவர் இழுக்க, இன்னொருவர் பின்னால் மூச்சு வாங்க, மூன்றாம் நாளில் பேச்சே நின்றுபோகும்.

வீட்டை விட்டுக் கிளம்பும் முன் நான்கு விஷயங்களைப் பேசி முடித்துவிட வேண்டும். யார் முதலில் சுடுவது? நாணயம் சுண்டுங்கள், அதன் பிறகு முறை மாறி மாறி. கரடியைப் பார்த்தபின் இதைப் பேச ஆரம்பித்தால் கரடியும் போகும், நட்பும் கசக்கும். யார் டேக்கோ அவர்தான் சுடுகிறார், அவர் பெயரில்தான் கணக்கு. இறைச்சி பாதிப் பாதி, தோல் சுட்டவருக்கு என்பது நடைமுறையில் சண்டை வராத பங்கீடு.

இரண்டாவது, இருவர் விதி. கரடி எது, ஆணா பெண்ணா, குட்டி உண்டா, பின்னால் என்ன இருக்கிறது, இவை எல்லாவற்றுக்கும் இருவரும் தனித்தனியாக "சரி" சொன்னால்தான் சுடுவது. ஒருவர் தயங்கினாலும் இல்லை. தயங்கியவர் காரணம் சொல்ல வேண்டியதில்லை, மாலை முகாமில் அதைப் பற்றிக் குத்திக்காட்டவும் கூடாது.

மூன்றாவது, திரும்பும் நேரம். மே மாதக் கடைசியில் கூட்னியில் இரவு 9 மணிக்கும் வெளிச்சம் இருக்கும். கரடி வெளியே வருவதும் பெரும்பாலும் மாலையில்தான். சட்டப்படி சுடலாம் என்பதற்காக 9 மணிக்குச் சுட்டால், தோலுரித்து இறைச்சியைப் பிரிப்பது முழுக்க இருட்டில், கிரிஸ்லி நடமாடும் காட்டில், இரத்த வாடையோடு நடக்கும். கரடிக்கும் வண்டிக்கும் உள்ள தூரத்தைப் பார்த்து, இன்ன நேரத்துக்கு மேல் புதிதாகப் பின்தொடர மாட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் கணக்கு 7 மணி.

நான்காவது, சைகைகள். அமெரிக்காவின் மொன்டானா மாநிலம் போன்ற சில இடங்களில் வாக்கி டாக்கியில் வழிகாட்டி வேட்டையாடுவதற்குத் தடை உண்டு, கைச்சைகைக்கு அந்தச் சிக்கல் இல்லை. எதிர்ச்சரிவில் உட்கார்ந்திருப்பவர் ஆரஞ்சுத் துணி ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். வலப்பக்கம் நீட்டினால் கரடி வலப்பக்கம், இடப்பக்கம் நீட்டினால் இடப்பக்கம், தலைக்கு மேல் உயர்த்தினால் அங்கேயே நிற்கிறது, இரண்டு கையையும் குறுக்காகக் கட்டினால் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பு. நெருங்குகிறவர் சில நிமிடங்களுக்கு ஒருமுறை நின்று பைனாகுலரில் கூட்டாளியைப் பார்க்க வேண்டும். ஆர்வத்தில் இதைத்தான் முதலில் மறக்கிறோம்.

எப்போது, எங்கே

ஆண் கரடிகள் முதலில் குகையை விட்டு வெளியே வருகின்றன. உயரத்தையும் பனியையும் பொறுத்து மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் நடு வரை. அந்த ஆண்டுக் குட்டிகளோடு இருக்கும் தாய்கள் கடைசியாக, சில சமயம் மே மாதத்தில்கூட வரும். வெளியே வந்த முதல் சில வாரங்கள் கரடிக்குப் பசியே அவ்வளவாக இருக்காது. மெதுவாக நடக்கும், படுக்கும். பிறகுதான் மேய்ச்சல் தொடங்குகிறது. ஜூனில் இணைசேரும் காலம் உச்சத்தில் இருக்கும், பெரிய ஆண்கள் பகலிலேயே நெடுந்தூரம் சுற்றும். ஆனால் அதற்குள் பல கரடிகள் மரத்தில் தேய்த்துத் தேய்த்து இடுப்பிலும் தோளிலும் மயிரை இழந்திருக்கும். நல்ல தோல், நிறைய நடமாட்டம், தெளிவான பார்வை மூன்றும் ஒன்றாகக் கிடைப்பது மே 10 முதல் 25 வரை என்பது என் அபிப்பிராயம். செடிகொடிகள் இலைவிட்டு அடர்ந்தபின் கரடி பத்தடி உள்ளே போனாலே மறைந்துவிடும்.

இடத்தைத் தேடுவது பச்சையைத் தேடுவதுதான். தெற்கு நோக்கிய சரிவுகளில் பனி முதலில் உருகும், புல் முதலில் முளைக்கும். பனிச்சரிவு இறங்கி மரங்களை வழித்துவிட்ட பாதைகள், பழைய மரம்வெட்டுத் தளங்கள், மின்கம்பித் தடங்கள், கைவிடப்பட்ட மரலாரிச் சாலைகள் எல்லாம் பாருங்கள். மண் அரிப்பைத் தடுக்கச் சாலையோரங்களில் க்ளோவரும் புல்லும் விதைப்பார்கள்; டேன்டலியனும் தானாக முளைக்கும். கரடிக்கு அது விருந்து. வாரம் செல்லச் செல்லப் பச்சைக் கோடு மலையில் மேலே ஏறும், கரடியும் கூடவே ஏறும். போன வாரம் 700 மீட்டரில் பார்த்தீர்கள் என்றால் இந்த வாரம் இன்னும் உயரத்தில் தேடுங்கள்.

எச்சம் முக்கியமான துப்பு. வசந்தத்தில் அது புல்நாராகவே இருக்கும். புதியது பச்சை, ஈரம். பழையது கருத்துக் காய்ந்திருக்கும். ஒரே சாலையில் பல நாள் எச்சங்கள் கிடந்தால் அந்தக் கரடி அங்கேயே குடியிருக்கிறது. முன்காலின் அகலத் தடத்தை அளந்தால் அளவு தெரியும்: 5 அங்குல அகலம் என்றால் ஒன்றைக் கூட்டி ஏறக்குறைய 6 அடித் தோல் (விரித்த தோலின் நீள, அகலச் சராசரி) என்று இங்குள்ள வேட்டைக்காரர்கள் கணக்கிடுவார்கள்.

மரலாரிச் சாலைகளில் போகும்போது நுழைவாயில் பலகையில் எழுதியிருக்கும் ரேடியோ சேனலை வண்டி ரேடியோவில் வைத்து, கிலோமீட்டர் கற்களைக் கடக்கும்போது உங்கள் இடத்தைச் சொல்லிக்கொண்டே போங்கள். சுமை ஏற்றிய லாரி வளைவில் உங்களுக்காக நிற்காது. வெட்டுமரம் விழுந்து சாலை அடைபட்டிருக்கலாம், சங்கிலி ரம்பம் எடுத்துக்கொள்ளுங்கள். ஓடைகளைக் காலையில் கடந்தால் மாலையில் அதே இடத்தில் திரும்ப முடியும் என்று நம்ப வேண்டாம். பகல் வெயிலில் பனி உருகி மாலைக்குள் நீர் ஏறிவிடும். ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது என்பது இங்கே சொல்லுக்குச் சொல் பொருந்தும்.

பைனாகுலரில் உட்கார்தல்

வசந்தகால வேட்டையில் அதிகாலையில் எழுவது அவ்வளவு முக்கியமில்லை. குளிர்ந்த காலையில் கரடிகள் சோம்பலாக இருக்கும். மதியம் 2 மணிக்குள் எதிர்ச்சரிவைப் பார்க்கும் ஓர் இடத்தில் போய் உட்காருங்கள். சரிவை இருவரும் பாதியாகப் பிரித்துக்கொண்டு, அரைமணிக்கு ஒருமுறை பாதியை மாற்றிக்கொள்ளுங்கள். ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் கண் ஏமாந்துவிடும். கருகிய மரக்கட்டை எல்லாம் கரடியாகத் தெரியும், கரடி மரக்கட்டையாகத் தெரியும். 10x42 பைனாகுலர் இருவருக்கும், முக்காலியோடு ஸ்பாட்டிங் ஸ்கோப் (ஒற்றைக் கண்ணால் பார்க்கும், அதிகம் பெரிதாக்கிக் காட்டும் தொலைநோக்கி) ஒன்று இருவருக்கும் பொதுவாக. ரைபிள் ஸ்கோப்பைப் பைனாகுலராகப் பயன்படுத்தாதீர்கள். துப்பாக்கியை ஒன்றின்மீது நீட்டிவிட்டு அது என்னவென்று பார்ப்பது தலைகீழ் வேலை.

கருங்கரடியா, கிரிஸ்லியா

கூட்னியில் கருங்கரடி கறுப்பாகத்தான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். செம்பழுப்பு, சாக்லேட் நிறங்களும் சாதாரணம். நிறத்தை வைத்து முடிவு செய்யவே கூடாது. 2017 டிசம்பரிலிருந்து மாகாணத்தில் கிரிஸ்லி வேட்டைக்குத் தடை, பழங்குடி மக்களின் உரிமைகளுக்கு மட்டும் விலக்கு. தவறிச் சுட்டால் அபராதமும் வழக்கும் வரும்.

கிரிஸ்லிக்குத் தோளுக்கு மேலே தசைத் திமில் இருக்கும். முகம் நெற்றிக்குக் கீழே குழிந்திருக்கும். முன்கால் நகங்கள் நீளமாக, வெளிர்நிறமாக, ஸ்கோப்பில் தெரியும் அளவுக்கு நீண்டிருக்கும். கருங்கரடிக்கு நெற்றியிலிருந்து மூக்கு வரை நேர்க்கோடு, உடலின் உயர்ந்த இடம் இடுப்பு, நகம் குட்டை. ஒரு அடையாளம் மட்டும் பார்த்துத் தீர்ப்பளிக்காதீர்கள். தலையைக் குனிந்து மேயும் கருங்கரடிக்கும் திமில் இருப்பதுபோல் தோன்றும். திமில், முகம், நகம் மூன்றையும் கூட்டாளி தன் வாயால் சொல்லட்டும்.

மாகாணத்தின் வடமேற்குக் கடலோரத்தில் வெள்ளை நிற கெர்மோடி கரடிகள் உண்டு. அவை கருங்கரடியின் வகையே, ஆனால் அவற்றைச் சுடத் தடை.

ஆண், பெண், குட்டி

பெரிய ஆணுக்குக் காது சிறிதாகத் தெரியும். காதுகள் தலையின் பக்கவாட்டில் தள்ளி நிற்கும், நெற்றியில் நடுவே ஒரு மடிப்பு ஓடும். கழுத்து தலையளவுக்குப் பருத்திருக்கும், முன்கால்கள் மணிக்கட்டு வரை ஒரே தடிமனாக இருக்கும், வயிறு தரையை ஒட்டித் தொங்கும். நடையில் அவசரம் இராது. சிறிய மரக்கன்றின் மேல் ஏறி நடந்து வயிற்றால் தேய்த்துக்கொண்டு போகும் கரடி ஆணாகத்தான் இருக்கும். பெண்ணுக்கு முகம் ஒடுக்கம், காது உயர்ந்து நிற்கும், முன்கால் மணிக்கட்டில் சற்று இடுங்கும். சிறுநீர் கழிப்பதைப் பார்க்க நேர்ந்தால் சந்தேகமே இல்லை: ஆணுக்கு வயிற்றுக்குக் கீழிருந்து, பெண்ணுக்குப் பின்னாலிருந்து.

ஆணென்று நிச்சயமாகாத கரடியைக் குறைந்தது அரைமணி நேரம் பாருங்கள். ஒருவர் கரடியிலிருந்து கண் எடுக்கக் கூடாது. இன்னொருவர் கரடியைப் பார்க்கவே கூடாது, சுற்றியுள்ள மரங்களை, குறிப்பாகக் கரடுமுரடான பட்டையுள்ள பெரிய மரங்களின் அடியையும் கிளைகளையும் தேட வேண்டும். தாய் ஆபத்தை உணர்ந்தால் குட்டிகளை மரமேற்றிவிட்டுத் தனியாக மேயும். அடிக்கடி தலைதூக்கி ஒரே திசையைப் பார்க்கும் கரடி, ஒரு மரத்தைச் சுற்றியே மேயும் கரடி, இரண்டையும் தாய் என்றே எடுத்துக்கொண்டு விட்டுவிடுங்கள்.

நெருங்குதல்

கரடிக்குக் கண் மோசம் என்பது பாதிக் கதை. அசைவை நன்றாகவே பார்க்கும். ஆனால் மூக்குதான் அதன் உலகம். வெயில் ஏறியதும் காற்று சரிவில் மேலேறும், சூரியன் மலைக்குப் பின் போனதும் கீழிறங்கும். மாலையில் இந்த மாற்றம் நடக்கும் அரைமணி நேரம் காற்று குழம்பித் திரியும். அப்போது நகராமல் உட்காருவதே புத்திசாலித்தனம். சின்னக் குப்பியில் பவுடர் வைத்துக்கொண்டு அடிக்கடி ஊதிப் பாருங்கள்.

எதிர்ச்சரிவில் ஒருவர் இருக்க ஒருவர் மட்டும் போவது ஒரு முறை. கிரிஸ்லி உள்ள காட்டில் இருவரும் சேர்ந்தே போவதை நான் விரும்புகிறேன்: சுடுபவர் முன்னால், கூட்டாளி ஓரடி பின்னால் தோளுக்குப் பக்கவாட்டில். கரடி ஸ்ப்ரே (பாயும் கரடியை விரட்டும் மிளகாய்த் தெளிப்பான்) இடுப்பில், கைக்கு எட்டும் இடத்தில்; பைக்குள் இருக்கும் ஸ்ப்ரே இல்லாததற்குச் சமம். கரடி தலையைக் குனிந்து மேயும்போது நடங்கள், நிமிர்ந்தால் உறைந்து நில்லுங்கள். 150 மீட்டருக்குள் நெருங்குவது பெரும்பாலும் முடிகிற காரியம், அதற்கு மேல் சுட வேண்டிய அவசியமில்லை. .270, .308, .30-06 என்ற ரைபிள் தோட்டா வகைகளில் எதுவும் போதும். குறிதான் முக்கியம்.

சுடுதல்

கரடியின் மயிர் நீளம். கீழ்க்கோடு என்று கண்ணுக்குத் தெரிவது மயிரின் நுனி, நெஞ்சு அதற்கு மேலே இருக்கிறது. பக்கவாட்டில் நிற்கும் கரடிக்குத் தோளுக்குச் சற்றுப் பின்னே, உடலின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்குக்கும் நடுவுக்கும் இடையில் குறிவையுங்கள். இந்தப் பக்கத்து முன்கால் முன்னே நகர்ந்திருக்கும்போது நெஞ்சு திறந்திருக்கும். சற்றே விலகி நிற்கும் கோணம் அதைவிட நல்லது. நேரெதிரே பார்த்து நிற்கும் கரடியையும், தலையையும் விட்டுவிடுங்கள். துப்பாக்கியைக் கையில் பிடித்துச் சுடாமல் பையின் மேலோ மரக்கட்டையின் மேலோ வைத்துச் சுடுங்கள். கூட்டாளி பைனாகுலரில் குண்டு எங்கே பட்டது, கரடி எந்தப் பக்கம் ஓடியது, கடைசியாக எந்த மரத்தருகே மறைந்தது என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கரடி இன்னும் நின்றால் மறுபடி சுடுங்கள்.

அதன் பிறகு அரைமணி நேரம் அசையாதீர்கள். கொழுப்பும் மயிரும் இரத்தத்தை உறிஞ்சிவிடும். இரத்தத் தடம் மெலிதாகவே இருக்கும் அல்லது இருக்கவே இருக்காது. அதனால்தான் கூட்டாளி அடையாளம் வைத்த அந்த மரம் தேவைப்படுகிறது. ஒருவர் தரையைப் பார்த்து நடக்க, இன்னொருவர் துப்பாக்கியோடு முன்னால் மட்டும் பார்த்து வர வேண்டும். கிடக்கும் கரடியைப் பின்பக்கமிருந்து அணுகி, கண்ணை நீளக் குச்சியால் தொடுங்கள். கண் மூடியிருந்தால் இன்னும் உயிர் இருக்கலாம்.

தோலும் இறைச்சியும்

முதல் வேலை டேக்கை ரத்து செய்வது, அதாவது அது பயன்படுத்தப்பட்டுவிட்டது என்று அதில் குறிப்பது. பிறகு வேலை வேகமாக நடக்க வேண்டும். மே மாத வெயிலில், அடர்ந்த மயிருக்குள் உடல் சூடு தங்கி இறைச்சி கெட்டுவிடும். ஒருவர் கத்தியோடு, இன்னொருவர் காவல். அரைமணிக்கு ஒருமுறை மாறிக்கொள்ளுங்கள். காவலில் இருப்பவர் செல்போன் பார்க்கக் கூடாது, பேசிக்கொண்டே இருக்க வேண்டும். மனிதக் குரல் பெரும்பாலான கிரிஸ்லிகளை விலக்கிவைக்கும்.

பாலினத்தைக் காட்டும் உறுப்பைத் தோலோடு ஒட்டியே விட வேண்டும், அது விதி. உண்ணத்தக்க இறைச்சி முழுவதையும் எடுத்துவர வேண்டும்: நான்கு கால்கள், முதுகுத்தசை. பித்தப்பையைத் தொடாதீர்கள். அதை வைத்திருப்பதே குற்றம். காற்றோட்டமுள்ள துணிப்பைகளில் இறைச்சியைப் போட்டு நிழலில் தொங்கவிடுங்கள். பெரிய கரடி என்றால் இரண்டு நடை ஆகும். முதல் நடையிலேயே இறைச்சியைச் சடலத்திலிருந்து நல்ல தூரத்தில், தொலைவிலிருந்து பார்க்க முடிகிற திறந்த இடத்துக்கு நகர்த்திவிடுங்கள். திரும்பி வரும்போது நேரே போகாமல், முதலில் தூரத்திலிருந்து பைனாகுலரில் பாருங்கள். கிரிஸ்லி உட்கார்ந்திருந்தால் இறைச்சி அதனுடையது.

வண்டியில் உறைந்த தண்ணீர்ப் பாட்டில்களோடு பெட்டி தயாராக இருக்கட்டும். தோலில் அயோடின் சேர்க்காத உப்பைத் தாராளமாகத் தேய்த்துச் சுருட்டுங்கள். பதனிடுபவரிடம் போக ஒரு நாளுக்கு மேல் ஆகுமென்றால் உறையவையுங்கள். தோலையோ மண்டையோட்டையோ நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக நினைத்தால் சைடிஸ் (அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) அனுமதி வேண்டுமா என்று முன்கூட்டியே விசாரியுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் உடைகளைக் கழற்றி உண்ணி தேடுங்கள். வசந்தகாலக் கூட்னியில் உண்ணி கரடியைவிடச் சுலபமாகக் கிடைக்கும். முதுகைக் கூட்டாளியோ வீட்டாரோ பார்க்கட்டும்.

சமையலில் ஒரே ஒரு கட்டாயம். கரடி இறைச்சியில் டிரிக்கினெல்லா புழு இருக்கலாம். வடக்கத்திய கரடிகளில் காணப்படும் வகை உறைபனியில் சாகாது. உப்புக்கண்டமும் புகையூட்டலும் உதவாது. உள்வெப்பம் 71 டிகிரி செல்சியஸைத் தாண்டியாக வேண்டும், நான் 74 வைத்துக்கொள்கிறேன். மைக்ரோவேவ் ஒரே சீராகச் சூடாக்காது, வேண்டாம். வசந்தகாலக் கரடி புல் தின்று மெலிந்திருப்பதால் இறைச்சியில் வாடை குறைவு, கொழுப்பும் குறைவு. மிளகும் இஞ்சியும் தாராளமாகப் போட்டு, மூடிய பாத்திரத்தில் மூன்று மணி நேரம் மெல்லிய தீயில் வைத்தால் தொடைக்கறி நாராகப் பிரியும். அதன்பிறகும் தெர்மாமீட்டரைத் தடித்த துண்டின் நடுவில் குத்திப் பார்த்துவிட்டே பரிமாறுங்கள்.